கொல்லைப்புறத்திலிருந்து: குஞ்சுக்கு ஒரு தீனி, கோழிக்கு ஒரு தீனி



போன இதழில் கறிவேப்பிலைக் கன்று வைப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று கறிவேப்பிலையைப் பற்றியதே அல்ல. ஆவடியிலிருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் முட்டையிடும் கோழி நான்கு, மூன்று மாதத்து விடைகள் ஐந்து, பொரித்துப் பத்து நாளான குஞ்சுகள் எட்டு இருக்கின்றன. மூன்று வயசுக்கும் மூன்று விதத் தீவனம் வாங்கக் கட்டுப்படி ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தீவனத்தைப் போட்டால் என்ன?"

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல், நானே பதிலும் சொல்லிக் கொண்டு, ஒரு காரியம் செய்தேன். அதில் என் வீட்டுக் குஞ்சுகள் மட்டும் போகவில்லை. பின் தெருவில் ஒரு பெண்ணின் வரும்படியும் போயிற்று. இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் இருந்தேன். கேட்டு விட்டார்களே, சொல்லி விடுகிறேன்.

எங்கள் வீடு திருநின்றவூரில், ஏரிப் பக்கம். பழைய ஆட்கள் இன்னும் தின்னனூர் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர். காலை ரயிலுக்குப் போனால் இருட்டினபின் வருவார். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கிணறு, துணி துவைக்கிற கல், அதை ஒட்டி ஓடு வேய்ந்த கொடாப்பு. மாமியார் காலத்துச் சிறுவிடைக் கோழிகள் மூன்று, பல்கலைக்கழகப் பண்ணையிலிருந்து குஞ்சாக வாங்கி வளர்த்த நந்தனம் கோழிகள் நான்கு, ஒரு சேவல். இவை போக எப்போதும் விடையோ குஞ்சோ ஏழெட்டு திரியும். முட்டைக் காசு என் கைக்கு வருகிற காசு. அதில்தான் சின்னவளின் நோட்டுப் புத்தகமும், பண்டிகைக்கு வீட்டுக்காரருக்கு ஒரு வேட்டியும், மாமியாரின் கால் தைலமும்.

பின் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். காலையில் இட்லி சுட்டு விற்பார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து விட்டார். அவரிடமும் ஏழு கோழிகள் இருந்தன. 2021-ஆம் வருஷம் புரட்டாசியில் பன்னிரண்டு முட்டை கொண்டு வந்து கொடுத்தார். "உன் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கே, வச்சுப் பாரு. பொரிச்சா பாதிக்குப் பாதி" என்றார். வாரத்துக்கு விடுவது நம் பக்கத்தில் பழக்கம்தானே. இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சு பொரித்தது. அஞ்சு அவருக்கு, அஞ்சு எனக்கு. வளர்த்துக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது.

நந்தனம் கோழிகள் அப்போதுதான் நன்றாக முட்டையிட ஆரம்பித்திருந்தன. அவற்றுக்காக ஒரு மூட்டை முட்டைக்கோழித் தீவனம் வாங்கி வைத்திருந்தேன். அது ஐம்பது கிலோ. குஞ்சுத் தீவனம் என்று தனியாக வாங்கினால் இன்னொரு செலவு. "முட்டைக்கோழித் தீவனம்தான் எல்லாத்தையும் விட சத்து ஜாஸ்தி, அதைக் குஞ்சு தின்றால் இன்னும் சீக்கிரம் வளரும்" என்று நானாகவே நினைத்துக் கொண்டேன். மாமியார் திண்ணையிலிருந்து, "குஞ்சுக்கு நொய்யும் கேழ்வரகும் போடும்மா, பெரிசு தின்கிறதை சின்னதுக்குப் போடாதே" என்றார். பழைய காலத்துப் பேச்சு என்று விட்டு விட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக் கொண்டது. அந்த வருஷம் நவம்பர் மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஏரி நிரம்பி, தாழ்வான தெருவெல்லாம் தண்ணீர். கோழிகளை வெளியே விடவே முடியவில்லை. வெயில் நாளாக இருந்தால் குஞ்சுகள் புழு, பூச்சி, புல் நுனி என்று பொறுக்கித் தின்றிருக்கும். தீவனம் கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கும். அந்த நாட்களில் தாய்க்கோழியோடு கொடாப்புக்குள்ளேயே அடைபட்டு, மூன்று வேளையும் அந்த மூட்டைத் தீவனத்தையே தின்றன.

ஐந்தாவது வாரத்தில் ஒன்று சுருண்டு நின்றது. இறக்கையைத் தொங்கப் போட்டுக் கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்துக் கொண்டே இருந்தது. எச்சம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. மறுநாள் செத்துக் கிடந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு. பத்து நாளில் ஏழு போயிற்று.

அக்கா கேட்டபோது, "கழிச்சல் வந்துடுச்சுக்கா" என்றேன். வெள்ளையாகக் கழிந்தால் வெள்ளைக் கழிச்சல் என்பதுதானே நமக்குத் தெரிந்தது.

நான் சொன்னதன் விலை எனக்கு அப்போது தெரியவில்லை. கழிச்சல் வந்த தெருவில் ஒரு கோழி மிஞ்சாது என்பது ஊருக்கே தெரியும். அன்று சாயங்காலமே அக்கா தன் ஏழு கோழிகளையும் கறிக்கடைக்காரரிடம் கொடுத்து விட்டார். நல்ல முட்டைப் பருவத்துக் கோழிகள். நோய்க்குப் பயந்து விற்கிறோம் என்று தெரிந்தால் எவன் நல்ல விலை கொடுப்பான்? வந்த விலைக்குக் கொடுத்தார்.

மறுநாள் எட்டாவது குஞ்சும் சாய்ந்து நிற்கவே, மாமியார் பிடிவாதமாக, "தூக்கிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போ, என்னன்னு தெரிஞ்சுக்கோ" என்றார். செத்ததில் ஒன்றையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக் கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அந்த அம்மாள் செத்த குஞ்சை அறுத்துக் காட்டினார். சிறுநீரகம் இரண்டும் வீங்கி வெளுத்திருந்தது. இருதயத்தின் மேலும் ஈரலின் மேலும் கோலமாவு தூவினாற் போல வெள்ளை படிந்திருந்தது. "என்ன தீனி போடறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். "இது கழிச்சல் இல்லைம்மா. தீனிதான்" என்றார்.

அவர் சொன்னதை நான் புரிந்து கொண்டபடி உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதை நாளுக்கு நாள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்றுதான் முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு 3½ முதல் 4 பங்கு கால்சியம் சேர்க்கிறார்கள். முட்டையிடுகிற கோழிக்கு அது ஓடாகி வெளியே போய் விடும். குஞ்சுக்கும் விடைக்கும் எலும்பு வளர நூற்றுக்கு 1 பங்கு போதும். மிச்சம் எங்கே போகும்? சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். பிஞ்சு சிறுநீரகம் தாங்காமல் பழுதாகி விடுகிறது. அது பழுதானால், உடம்பில் சேருகிற யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்து விடும். சத்து என்று நான் நினைத்ததே அவற்றுக்கு நஞ்சாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குஞ்சுகள் நினைவு இல்லை. அக்காவின் ஏழு கோழிகள்தான் நினைவு. இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மூன்றாம் நாள் காலை அவருடைய இட்லிப் பானைக்கு எதிரில் போய் நின்று, "அக்கா, கழிச்சல் இல்லை, என் தப்பு" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே தங்கச்சி. நான் ரெண்டு நாள் பொறுத்திருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் கூட அப்படி வலித்திருக்காது.

ஆகவே ஆவடிச் சகோதரிக்கு என் பதில்: ஒரே மூட்டைதான் வாங்க முடியும் என்றால், அது முட்டைக்கோழித் தீவனமாக மட்டும் இருக்கக் கூடாது. நான் இப்போது செய்வதைக் கீழே எழுதுகிறேன். மூன்று மூட்டை வேண்டாம், ஒன்றரை மூட்டையில் முடியும்.

முதலில், எல்லாருக்கும் பொதுவான தீவனம். விடைகளுக்கு ஏற்றதாக, நூற்றுக்கு 16 பங்கு புரதம் இருக்கும்படி நானே கலந்து கொள்கிறேன். 10 கிலோவுக்கு அளவு இது: மக்காச்சோள உடைசல் 4 கிலோ, அரிசி நொய் 1½ கிலோ, கம்பு 1 கிலோ, தவிடு 1¼ கிலோ, சோயாப் புண்ணாக்கு 1 கிலோ, மீன் தூள் 1 கிலோ, தாது உப்புக் கலவை ¼ கிலோ. மீன் தூள் உப்பில்லாததாக இருக்க வேண்டும். கருவாட்டுக் கூடையில் மிஞ்சினதை இடித்துப் போட்டால் உப்பு மிஞ்சிக் குஞ்சுகள் செத்து விடும், ஜாக்கிரதை. கலக்க முடியாதவர்கள் கடையில் வளர்கோழித் தீவனம் என்று கேட்டு வாங்கலாம். இதை விடைகள், முட்டைக்கோழிகள், சேவல், முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழி எல்லாம் தின்னலாம். சேவலுக்கும் கிழட்டுக் கோழிக்கும் கூட அதிகக் கால்சியம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் முட்டையிடுகிற கோழிக்கு ஓடு எங்கிருந்து வரும்? கிளிஞ்சல் உடைசலைத் தனிச் சட்டியில் வையுங்கள். தீவனத்தோடு கலக்காதீர்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போய்க் கொத்தும். விடைகள் ஒன்றிரண்டு கொத்திப் பார்த்து விட்டுப் போய் விடும். வேடிக்கை என்னவென்றால், பொழுது சாயும் நேரத்தில்தான் கிளிஞ்சல் சட்டிக்குக் கூட்டம். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்று டாக்டரம்மா சொன்னார். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ, கோழிக்கு அது தெரிந்திருக்கிறது! ஆகவே சாயங்காலம் சட்டி காலியாக இருக்க வேண்டாம். சமையலில் மிஞ்சும் முட்டை ஓட்டையும் காயவைத்து, வாணலியில் வறுத்து, நன்றாகத் தூளாக்கி அதிலேயே சேர்க்கலாம். முழு ஓடாகப் போட்டு விடாதீர்கள். முட்டையைக் கொத்திக் குடிக்கிற கெட்ட பழக்கம் வந்து விடும்.

இரண்டாவது, குஞ்சுகள். முதல் எட்டு வாரத்துக்கு அவற்றுக்கு 20 பங்கு புரதம் வேண்டும். மேலே சொன்ன அளவில் மக்காச்சோளத்தை 3 கிலோவாகக் குறைத்து, சோயாப் புண்ணாக்கை 2 கிலோவாகக் கூட்டினால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்து விடும். குஞ்சு விழுங்குகிற மாதிரி சன்னமாக அரைத்துக் கொள்ள வேண்டும். எட்டுப் பத்துக் குஞ்சுக்கு அரை மூட்டை போதும். முதல் வாரத்தில் ஒரு குஞ்சு நாளைக்குப் பத்துக் கிராம் தின்றாலே பெரிசு.

ஆனால் பெரிய கோழிகள் விடுமா? குஞ்சுத் தீனியைக் கண்டால் அவைதான் முதலில் ஓடி வரும். இதற்கு மாமியாரின் பழைய பஞ்சாரம் எனக்கு உதவியது. நாம் பஞ்சாரத்தைக் கோழியை உள்ளே அடைக்கக் கவிழ்ப்போம். நான் மூன்று செங்கல்லைப் படுக்க வைத்து அதன் மேல் கவிழ்த்தேன். அடியில் நாலு விரல் இடைவெளி. குஞ்சுகள் புகுந்து போகும், பெரிய கோழி நுழைய முடியாது. உள்ளே குஞ்சுத் தீனியும், கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டும். கூழாங்கல் எதற்கென்றால் குஞ்சு தண்ணீரில் விழுந்து நனையாமல் இருக்க. தாய்க்கோழி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு நாள் புலம்பும். அதற்குத் தனியாக ஒரு கைப்பிடி வெளியே போட்டு விடுங்கள். மூன்றாம் நாள் பக்கத்திலேயே சாவகாசமாக மண்குளியல் போட்டுக் கொண்டிருக்கும்.

எவ்வளவு போடுவது? அடைத்தே வைத்திருக்கும் பெரிய கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். கொல்லையில் திரிந்து மேயும் கோழிக்குக் காலை மாலை சேர்த்து 40, 50 கிராம், அதாவது ஒரு பெரிய கைப்பிடி, போதும். மழை நாளில் அடைத்து வைத்தால் முழு அளவும் கொடுங்கள். கூடவே ஒரு கட்டு முருங்கைக் கீரையையோ அகத்தியையோ கொடாப்பில் கட்டித் தொங்க விடுங்கள். நான் அந்த மழையில் இதைக்கூடச் செய்யவில்லை. தின்கிற தீனியைப் போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும். அக்கினி நட்சத்திரத்தில் இன்னும் ஜாஸ்தி. இரண்டு வேளை தண்ணீர் மாற்றுங்கள்.

மிஞ்சின சோறு போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் சோறே தீனியாகி விடக் கூடாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு, கதையல்ல, நடந்தது. 1890 வாக்கில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், மனிதருக்குக் கால் சூம்பி நடை தள்ளாடும் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக் கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளும் திடீரென்று கால் விழுந்து தள்ளாடின. பார்த்தால், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சின வெள்ளை அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் "ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன்" என்று நிறுத்தவே, தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்து விட்டன! அரிசியின் தவிட்டில் உள்ள, பிற்பாடு வைட்டமின் பி1 என்று பெயர் பெற்ற சத்துதான் காரணம். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டை ஒதுக்கக் கூடாது என்று மனிதர்களுக்கே சொல்லிக் கொடுத்தது கோழிதான். ஆகவே சோறு மிஞ்சினால் தவிட்டில் பிசைந்து போடுங்கள். ஊசினதையும் புளித்ததையும் போடாதீர்கள்.

பூஞ்சை பிடித்த தானியத்தையும் அப்படியே குப்பைக்குத் தள்ளுங்கள். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பூஞ்சை நஞ்சு சேர்ந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போகும் அளவுக்கு வாங்காதீர்கள். மலிவு என்று மொத்தமாக வாங்குவது எங்கே கொண்டு போய் விடும் என்று நான்தான் சொன்னேனே.

மூன்றாவது, ஒன்றாகச் சேர்ப்பது. விடைகளைப் பெரிய கோழிகளோடு திடீரென்று விட்டால் கொத்திக் குதறி விடும். எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்று கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெருப் எப்பே என்பவர் சின்ன வயசிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்து, 1920-களின் தொடக்கத்தில் இதை எழுதினார். மாமியார் மருமகள் வரிசை மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். (என் மாமியார் இதைப் படிக்க மாட்டார்!) புதுசுகளை வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வாரம் வைத்து, ஒன்றை ஒன்று பார்த்துப் பழகட்டும். பிறகு இருட்டினபின் கொடாப்பில் ஏற்றி விடுங்கள். ஒரே தட்டு வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் தீனி வையுங்கள். அப்போதுதான் வரிசையில் கடைசியாக நிற்பதற்கும் வயிறு நிறையும். காலையில் யார் தின்கிறது, யார் ஒதுங்கி நிற்கிறது என்று ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். அதுதான் பாதி வைத்தியம்.

வெவ்வேறு வயசு ஒன்றாக இருப்பதில் இன்னொரு சங்கடம் நோய். பெரிய கோழி உடம்பில் நோய்க்கிருமி இருந்தாலும் அது நன்றாகத்தான் திரியும். அதன் எச்சத்தைக் கொத்துகிற மூன்று நான்கு வாரக் குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வந்து விடும். ஆகவே குஞ்சு இருக்கும் இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். முதலில் குஞ்சுகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, கடைசியில்தான் பெரிய கோழிகளிடம் போக வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி விட்டுத்தான் அடுப்படிக்குள் வர வேண்டும்.

உண்மையான வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். குமாவுன் மலையில் ராணிகேத் என்ற ஊரில் 1920-களின் கடைசியில் கண்டதால் ராணிகேத் நோய் என்பார்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. நம் கால்நடைத் துறை வருஷாவருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தி வருகிறது. கூடையில் வைத்து எடுத்துப் போனால் போதும். மிளகு, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கிற கைவைத்தியம் நானும் செய்கிறேன். அது தெம்புக்கு. தடுப்பூசிக்குப் பதில் அல்ல.

எதனால் செத்தது என்று தெரியாவிட்டால் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். வெள்ளையாகக் கழிந்ததெல்லாம் கழிச்சல் ஆகி விடாது. நீங்களாக ஒரு பெயர் வைத்துத் தெருவில் சொல்லாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஏழு கோழி போன கதையைத்தான் இத்தனை நேரம் சொன்னேன். தீவனக் கணக்கைக் கற்றுக் கொள்ள விரும்புகிறவர்கள் செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் திரூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும், மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்துக் கோழி ஆராய்ச்சிப் பிரிவிலும் விசாரிக்கலாம். மனசுக்குள்ளேயே கோயில் கட்டின பூசலார் நாயனார் எங்கள் ஊர்க்காரர்தான். அவருக்கு அது பலித்தது. நான் மனசுக்குள்ளேயே தீவனக் கணக்குப் போட்டேன், பலிக்கவில்லை.

அக்கா விஷயத்தைச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் விட மாட்டீர்கள். பிழைத்த மூன்று குஞ்சுகளையும் அவரிடமே கொடுத்தேன். மாசியில் மறுபடி அடை வைத்தேன். அடைக்கு உட்கார்ந்தது யார் தெரியுமா? மாமியாரின் கிழட்டுச் சிறுவிடை. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைத்தால் அதிகம். "தின்னுட்டுச் சும்மா திரியுது, அடிச்சுக் குழம்பு வச்சிடலாமா?" என்று நான் இரண்டு தரம் கேட்ட கோழி. அது பதினொரு குஞ்சு பொரித்தது. பருந்தையும் பூனையையும் அண்ட விடாமல், பஞ்சாரத்தடியில் அரசாட்சி செய்து, பதினொன்றையும் கரையேற்றியது. ஏழு குஞ்சுகளை விடையாகும் வரை வளர்த்து அக்கா வீட்டில் கொண்டு போய் விட்டேன். ஏழுக்கு ஏழு ஆயிற்று. ஆனால் நடுவில் போன எட்டு மாத முட்டைக் காசை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அவரும் கேட்கவில்லை.

இப்போது தீவனத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வாங்குகிறோம், கூடம் நடுவில் பாய் விரித்துச் சேர்ந்தே கலக்கிறோம். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து தராசைப் பார்ப்பார். "குஞ்சுக்குத் தனியா எடுத்து வச்சாச்சா?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பார். "வச்சாச்சு அத்தை" என்று நானும் ஒவ்வொரு தரமும் சொல்கிறேன்.

ஆவடிச் சகோதரி, உங்கள் எட்டுக் குஞ்சுக்கு இன்றைக்கே ஒரு பஞ்சாரமும் மூன்று செங்கல்லும் தேடுங்கள். எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

அடுத்த இதழில், கோழி எருவை முருங்கைக்கும் கத்தரிக்கும் எப்படி மக்கவைத்துப் போடுவது என்று பார்ப்போம்.